போக மறுத்த வாடை

"தைலத்தைத் தடவிக்கிட்டு அந்த ரூம் பக்கம் போகாதீங்கன்னு எத்தனை தடவை..."

"என் நெத்தி, என் தைலம், என் வீடு. நீ யாரு..."

"...சொல்றது? உங்களுக்கு வெறும் தலைவலி. அதுங்களுக்கு மூச்சே போயிடும். அதுங்க நுரையீரல்..."

"...என்னைக் கேக்க? முதல்ல அந்த முதலைக் குஞ்சுங்களைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பு. என் தலைவலி தானா போயிடும்."

"பல்லியைப் பல்லின்னு சொல்லுங்கப்பா. முதலைன்னு சொல்லி அதுக்குத் தலைக்கனம் ஏத்தாதீங்க."

அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் பேசியது யார் காதில் விழுந்தது என்று கடவுளுக்கே வெளிச்சம். வாசலில் நின்ற மாப்பிள்ளை, பக்கத்தில் நின்ற மாமியாரின் காதருகே குனிந்தார்.

"அத்தை, நாம துப்பறிய வந்திருக்கோமா, பஞ்சாயத்து பண்ண வந்திருக்கோமா?"

"ரெண்டும் ஒண்ணுதான். உள்ள வாங்க மாப்பிள்ளை."

அத்தை இருபத்தெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். எரிந்த கடை எப்படி எரிந்தது, கவிழ்ந்த லாரி ஏன் கவிழ்ந்தது என்று பார்த்துச் சொல்வது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் எது காணாமல் போனாலும் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். மூளை ஓடுகிற வேகத்துக்கு முழங்கால் ஓடவில்லை. அதனால் மகளின் கணவரையும் அவருடைய வேனையும் சேர்த்துக்கொண்டார். மாமியார் கையில் வேலை பார்க்கும் மருமகன் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று மாப்பிள்ளை சொல்லிக்கொள்வார். பெருமையா புகாரா என்று கேட்டால் மட்டும் வேனைக் கழுவப் போய்விடுவார்.

இன்று காலை அவர்களைத் தேடி வந்தவள் இந்த வீட்டு மகள். பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட் செய்துகொடுக்கும் பட்டறையில் வேலை. வயது முப்பத்தெட்டு. வந்து உட்கார்ந்ததும் தண்ணீர்கூடக் கேட்காமல் சொன்னாள்.

"தனியா ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கேன் மேடம். ரெண்டு ரூம். பெயிண்ட் அடிச்சு மூணு வாரம் ஆச்சு. என்கிட்ட ஒரு ஆமை, ஒரு தாடிப் பல்லி, ஒரு புள்ளிப் பல்லி இருக்கு. பெயிண்ட் வாடை அதுங்களுக்கு விஷம். நம்ம மூக்குக்கு வாடை தெரியாம போன பிறகும் மூணு நாள் பொறுத்துத்தான் கொண்டு போகணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஆனா வாடை போகவே மாட்டேங்குது. ஒரு வாரத்துல போக வேண்டியது, மூணு வாரமா அப்படியே நிக்குது. குடி வர்றேனா இல்லையான்னு இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லணும். இல்லன்னா ஓனர் வேற ஆளுக்குக் கொடுத்துடுவார்."

"இதுங்களைக் கொஞ்ச நாள் யார்கிட்டயாவது விட்டுட்டு நீ மட்டும் போயேன்" என்றார் அத்தை.

"யார்கிட்ட? எங்கப்பா அதுங்களைப் பார்த்தாலே தூக்கி எறியச் சொல்றவர். வாடை இருக்கற வீட்டுக்கு இதுங்களைக் கொண்டு போக மாட்டேன். இதுங்களை விட்டுட்டு நானும் போக மாட்டேன். அந்த ஃப்ளாட்டையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த மூணு மாட்டேனுக்கு நடுவுல ஒரு வழி கண்டுபிடிச்சுக் கொடுங்க."

இப்போது மணி மூன்றே கால்.

கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் அப்பா. நாற்பது வருஷம் பஸ் கண்டக்டர். சட்டைப் பையில் இன்னும் பேனா இரண்டு. நாற்காலிக்கு அடியில் தகரப் பெட்டி ஒன்று, சர்வீஸ் காலத்தில் டிக்கெட் கட்டு வைத்திருந்தது.

"பாருங்கம்மா, இவளுக்கு இருபத்திரண்டு பெட்டி" என்றார் அத்தையிடம். "என் சாமான் எல்லாம் இந்த ஒரு தகரப் பெட்டியில அடங்கிடும். என் வீட்ல பத்து மணிக்கு விளக்கை அணைக்கணும், சுவத்துல ஆணி அடிக்கணும்னா கேக்கணும். அது தப்பாம். அதான் தனியாப் போறாளாம்."

"ராத்திரி தாடிக்காரருக்கு ஹீட்டர் வேணும்பா. அதைப் போய் அணைச்சா..."

"இந்தக் கூரைக்குக் கீழ என் சட்டம்."

அத்தை விலங்குகளின் அறையை எட்டிப் பார்த்தார். கதவுக்கு அடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்திருந்தது. பினாயில் வாடை, சோப்பு வாடை, சென்ட் வாடை எதுவும் மாப்பிள்ளையின் மூக்குக்குத் தெரியவில்லை. தாடிக்காரர் என்ற தாடிப் பல்லி கல்லின் மேல் ஏறி, தொந்தியைப் பரப்பி, கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பக்கத்தில் புழு ஊட்டும் நீள இடுக்கி தொங்கியது.

"நல்லா கொழுகொழுன்னு இருக்காரே" என்றார் மாப்பிள்ளை.

"டாக்டரும் திட்டினார். இந்தக் கவலையில எனக்கு எடை குறையுது, இவருக்குக் கூடுது. காலைலயும் ராத்திரியும்தான் கொடுக்கறேன்."

"ஆமை எங்க?"

"பெரியவர் கூடத்துல உலாத்துவார்."

பெரியவர் உலாத்தவில்லை. சாய்வு நாற்காலியின் கீழ், அப்பாவின் செருப்பு மேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா, "இந்தச் சனியன் எல்லாம் எப்பத்தான் தொலையுமோ" என்று கத்தினார். காலை மட்டும் நகர்த்தவில்லை.

கிளம்பும்போது வழியை மறித்த பெட்டி ஒன்றின் மூடி திறந்து கிடந்தது. அதை ஒட்டிவிடலாம் என்று மாப்பிள்ளை டேப்பைத் தேடினார். அப்பா தன் மடியிலிருந்து ஒரு சுருளை நீட்டினார்.

"நுனியை மடிச்சு வெச்சிருக்கேன் பாருங்க தம்பி. இல்லன்னா அடுத்த தடவை நகத்தால சுரண்டிக்கிட்டு நிக்கணும். இந்த வீட்ல இது ஒருத்தருக்கும் தெரியாது."

"நீங்களும் ஃப்ளாட்டுக்கு வர்றீங்களா ஐயா?" என்று அத்தை கேட்டார்.

"நானா? அந்தப் படியை நான் மிதிச்சதே இல்ல, மிதிக்கவும் மாட்டேன். அந்தத் தின்னர் நாத்தம் எனக்கு ஆகாது."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். வேனில் ஏறும்வரை ஒன்றும் பேசவில்லை. அத்தை பேசாமல் இருந்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்பது மாப்பிள்ளையின் அனுபவம்.

ஃப்ளாட் இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி, மூன்றாவது மாடி. படிக்கட்டில் பெயிண்டர் உட்கார்ந்திருந்தார். அத்தை ஃபோன் பண்ணி வரவழைத்திருந்தார். மனிதர் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தார்.

"என் வேலையில வாடை நிக்குதுன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்லம்மா. சுவத்துக்கு அடிச்சது தண்ணி பெயிண்ட். மூணே நாள். வாசக் கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் மட்டும்தான் தின்னர் கலந்த எனாமல். அது ஒரு வாரம். அதுக்கு மேல வாடை இருந்தா நான் பிரஷ்ஷைக் கீழ வெச்சிடறேன்."

"உள்ள வந்து மோந்து பாருங்க."

"மோந்து என்ன பார்க்கறது? எனக்கு மூக்கு செத்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. அடுப்புல பாத்திரம் தீஞ்சா சம்சாரம் சொன்னாத்தான் தெரியும்."

"சாட்சி பலமா இருக்கு அத்தை" என்றார் மாப்பிள்ளை.

கதவைத் திறந்ததும் வாடை கன்னத்தில் அறைந்தது. மாப்பிள்ளை கதவைத் தொட்டார், கம்பியைத் தொட்டார், சுவரைத் தொட்டார். எல்லாம் சருகு மாதிரி காய்ந்திருந்தது. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"ஜன்னலைத் திறந்து வெப்பியாம்மா?" என்று கூடவே வந்திருந்தவளிடம் கேட்டார் அத்தை.

"வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், வந்த பிறகு ஒரு மணி நேரம். கொஞ்சம் குறையும். மறுநாள் வந்தா பழையபடி." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஓனர் மேலதான் எனக்குச் சந்தேகம். பல்லின்னு சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்கணும். நான் தானா ஓடணும்னு எதையோ பண்றார். நான் ஓட மாட்டேன்."

அத்தை பெயிண்டரிடம் திரும்பினார். "எனாமல் மிச்சம் ஆச்சா?"

"அரை டப்பா. மிச்சத்தை வீட்டுக்காரங்களுக்கே விட்டுட்டுப் போறதுதான் எங்க வழக்கம். பின்னாடி கீறல் விழுந்தா தொட்டுக்கலாம். மூடியைச் சுத்தியலால சுத்தித் தட்டி, சிங்க் அடியில வெச்சேன்."

சிங்க் அடியில் டப்பா இல்லை. தூசியில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

"நான் எடுக்கல. அப்படி ஒண்ணு இருந்ததே எனக்குத் தெரியாது" என்றாள் அவள்.

இனி மூக்குதான் வழி. பெயிண்டரின் மூக்கு செத்துவிட்டது, அவளுடையது பழகிவிட்டது, அத்தைக்குச் சளி. மாப்பிள்ளை மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தார்.

"எங்கம்மா என்னைப் படிக்க வெச்சது இதுக்குத்தான்" என்று முனகினார். பின்பக்க அறை வாசலில் நின்றார். "இங்கதான் அத்தை. கண்ணே எரியுது."

விலங்குகளுக்கென்று ஒதுக்கிய அறை. மொட்டைச் சுவர். சுவரை ஒட்டி ஒரே ஒரு சாமான்: நாலடி நீள மரப் பெட்டி, மேலே அட்டை சுற்றி, டேப் ஒட்டி, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. 'தாடிக்காரர் வீடு. யாரும் திறக்கக் கூடாது.'

"அதை முதல் வாரமே கொண்டு வந்துட்டேன் மேடம். காலிப் பெட்டி. வாடை உள்ள போயிடக் கூடாதுன்னு நானே சுத்தி ஒட்டினேன். அதுல ஒண்ணும் இல்ல."

"இந்த வீட்ல நீ தேடாத இடம் எது?"

"எல்லாம் தேடிட்டேனே. பரண், பாத்ரூம், அலமாரி..." அவள் நிறுத்தினாள். பெட்டியைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை மண்டியிட்டு, டேப் நுனியைச் சுரண்ட நகத்தைத் தீட்டினார். சுரண்ட வேண்டியிருக்கவில்லை. நுனி அழகாக மடித்து வைத்திருந்தது. பிடித்து இழுத்தால் போதும். அவருடைய கை அப்படியே நின்றது. சற்று முன் இதே போன்ற ஒரு மடிப்பை எங்கே பார்த்தோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அத்தையை நிமிர்ந்து பார்த்தார். அத்தை கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான் உத்தரவு.

உள்ளே, டப்பா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. பெயிண்ட் கண்ணாடிபோல் மின்னியது. சுவரைப் பார்த்த பக்கத்து அட்டையைக் கிழித்து, பெட்டியின் வலை ஜன்னல் வழியாக வாடை அறைக்குள் போக ஏற்பாடு. டப்பாவுக்குப் பக்கத்தில் பழைய பேப்பர் விரித்து, அதில் வட்ட வட்டமாகச் சுருங்கிக் கிடந்தன சில தோல்கள். காய்ச்சிய பாலில் எடுத்த ஆடை மாதிரி.

பெயிண்டர் குனிந்து எண்ணினார். "பதினேழு. எனாமலைத் திறந்து வெச்சா ஒரே நாள்ல மேல ஆடை கட்டிக்கும்மா. கட்டிட்டா வாடை வராது. தினம் ஒருத்தர் வந்து ஆடையை எடுத்து, அடியில கலக்கிவிட்டுப் போயிருக்கார். பதினேழு நாள், ஒரு நாள் தவறல." அவர் குரலில் தொழில் மரியாதை தெரிந்தது. "இப்படி ஒரு ஆள் என்கிட்ட வேலைக்குக் கிடைக்கல."

"ஓனர்" என்று அவள் ஃபோனை எடுத்தாள். "இப்பவே கேக்கறேன். எல்லார் முன்னாடியும்..."

"ஒரு நிமிஷம் பொறு. பல்லு உன் தொழில். இது என்ன பல்லுன்னு சொல்லு." அத்தை ஒரு தோலைப் பேப்பரோடு தூக்கிக் காட்டினார். ஓரத்தில், கிள்ளி எடுத்த இடத்தில், பொடிப்பொடியாக இரண்டு வரிசைத் தடம்.

அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். "இது பல்லு இல்ல மேடம். எந்த வாயிலயும் இவ்வளவு ஒழுங்கா வரிசை இருக்காது. இது இடுக்கி. ரெண்டு பக்கமும் ரம்பம் வெச்ச..." குரல் இறங்கியது. "நான் புழு ஊட்டற இடுக்கி."

"ஓனர்கிட்ட சாவி இருக்கா?"

"நான் பூட்டை மாத்திட்டேன். ரெண்டே சாவி. ஒண்ணு என் பையில."

"இன்னொண்ணு?"

"வீட்ல. ஆணியில தொங்குது."

மாப்பிள்ளை பெட்டி மேலிருந்து உரித்த டேப்பை அவளிடம் நீட்டினார். மடித்த நுனியை அவள் விரலால் தடவினாள்.

"உங்கப்பா இந்தப் படியை மிதிச்சதே இல்லன்னு சொன்னார்" என்றார் அத்தை. "நீ என்கிட்ட வந்ததுல இருந்து பெயிண்ட் வாடைன்னுதான் சொல்றே. அவர் மட்டும் தின்னர்னு சொன்னார். இங்க வந்து மோந்து பார்க்காதவருக்கு அது எப்படித் தெரியும்?"

திரும்பும் வழி முழுக்க அவள் வேன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தபடி பேசினாள். "என்னைப் போக விடக் கூடாது. அவர் சட்டத்துக்குக் கீழேயே கிடக்கணும். அதுக்கு அதுங்க மூச்சுல விளையாடியிருக்கார். பார்த்துக்கறேன். இன்னைக்குப் பார்த்துக்கறேன்."

மாப்பிள்ளைக்கு வாய் வரை ஒரு ஜோக் வந்தது. விழுங்கிவிட்டார்.

மணி ஐந்தே கால். அப்பா அதே நாற்காலி. பெரியவர் அதே செருப்பு. அத்தை எதிரில் இருந்த பெட்டி மேல் பேப்பரை விரித்தார். பதினேழு தோல்களும் வரிசையாக.

"ஐயா, பதினேழு நாள் லீவே எடுக்காம டியூட்டி பார்த்திருக்கீங்க."

அப்பா பேப்பரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"நாற்பது வருஷத்துலயும் நான் லீவு எடுத்ததில்ல. ஆமா, நான்தான். என்ன இப்ப?"

"என்ன இப்பவா? என்னைக் கட்டிப் போடறதுக்காக அதுங்களை விஷத்துல..."

"நாக்கை அடக்கிப் பேசு. விஷத்துல விட்டேனா? அதுங்க இங்க இருக்கும்போது அங்கதானே திறந்து வெச்சேன்? நாத்தம் இருக்கற வீட்டுக்கு நீ அதுங்களைக் கொண்டு போக மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? உன் பிடிவாதத்தை நம்பித்தான் பண்ணினேன். அது என் பிடிவாதம்தானே, எங்க போகும்?"

"என்னைப் போக விடாம..."

"உன்னை யாரு பிடிச்சா? போ. இப்பவே போ. உன்னை நிறுத்த, உங்கம்மா இருந்தப்ப அவளாலயே முடியல. டெப்போவைத் தூக்கிட்டுப் போறேன்னு சொன்னியே, அதுக்குத்தான்."

அவள் முகம் சுருங்கியது. "யாரு டெப்போ?"

அப்பா வாயை மூடிக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது. மாப்பிள்ளை மெதுவாகச் செருப்பைச் சுட்டிக் காட்டினார்.

"எங்கயும் கிளம்பாம நின்ன இடத்துலயே நிக்குது. பின்ன என்னன்னு கூப்பிடறதாம்?" அப்பா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "நீ எட்டு மணிக்குப் போனா ஏழு மணிக்கு வர்றே. நடுவுல பதினோரு மணி நேரம். இந்த வீட்ல வேற யாரு இருக்கா பேச?"

"தைலத்தோட உள்ள போனீங்களா?"

"அந்த டப்பாவைத் தினம் மோந்தா மண்டை பிளக்குது, தைலம் போடாம என்ன பண்றது? ஆனா நெத்தியையும் அந்த இடுக்கியையும் சோப்பு போட்டுக் கழுவாம ஒரு நாளும் அந்த ரூமுக்குள்ள நுழைஞ்சதில்ல. அந்தத் தாடிக்காரன்கிட்ட வேணும்னா கேளு."

"அவருக்கு மத்தியானம் புழு கொடுத்தது நீங்கதானா?"

"பசிக்குதுன்னு பார்த்தான்."

"அவர் எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பார்" என்றார் மாப்பிள்ளை. "என்னையும் பார்த்தார்."

"அப்ப எதுக்குப்பா தூக்கி எறி, தூக்கி எறின்னு தினமும் கத்தினீங்க?"

"முதல் நாள் அப்படிச் சொல்லிட்டேன். சொன்னதை மாத்தினா கண்டக்டர் பேச்சுக்கு என்ன மரியாதை? விசில் ஊதின பிறகு பஸ் நிக்காது."

அவளுடைய ஃபோன் அடித்தது. ஓனர். மணி ஐந்து நாற்பது. அப்பாவின் கண் ஃபோனுக்கும் பெரியவருக்கும் நடுவில் ஒரு தடவை போய்வந்தது. அவள் எல்லாரும் கேட்கும்படி பேசினாள்.

"வர்றேன் சார். இன்னைக்கே. ராத்திரி அங்கதான் படுப்பேன். ஆமா, மூணும் வரும். பின்னாடி வரும். உங்களுக்குப் பல்லி பிடிக்கலன்னா அந்த ரூம் பக்கம் வராதீங்க, அதுங்களுக்கும் உங்களைப் பிடிக்காது."

ஃபோனை வைத்தாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். விலங்குகளின் அறைக்குள் போய் நீள இடுக்கியோடு வந்தாள். அதை அப்பாவின் மடியில் வைத்தாள்.

"அந்த டப்பாவையும் கெட்டுப் போன மரப் பெட்டியையும் இன்னைக்கே தூக்கி எறியறேன். வாடை போக நாலு நாள், டாக்டர் சொன்னபடி அதுக்கு மேல மூணு நாள். ஒரு வாரம் இதுங்க இங்க இருக்கும். பத்து மணிக்கு ஹீட்டரை அணைக்கக் கூடாது. தாடிக்காரருக்கு மத்தியானம் கிடையாது."

"அவனுக்குப் பசிக்கும்."

"பசிக்காது."

"உனக்கென்ன தெரியும், நீயா வீட்ல இருக்கே?" அப்பா இடுக்கியை இறுக்கிப் பிடித்தார். "நீ பாட்டுக்குப் போ. ஆனா இதுங்களைத் திருப்பித் தருவேன்னு கனவு காணாதே. எட்டாம் நாள் வந்தாலும் சரி, எண்பதாம் நாள் வந்தாலும் சரி, டெப்போ இந்த வாசலைத் தாண்டாது."

"எட்டாம் நாள் காலைல ஏழு மணிக்கு வேனோட வருவேன்."

"வேன்காரனை யாரும் கேக்கல" என்றார் மாப்பிள்ளை. அத்தை அவருடைய முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார்.

ஆனால் மாப்பிள்ளை போகவில்லை. அவள் சாய்வு நாற்காலியின் முன் உட்கார்ந்திருந்தாள். பெரியவரின் ஓட்டில் ஒரு விரலை வைத்தாள். அவர் செருப்பிலிருந்து தாடையை எடுக்கவே இல்லை. அவளுடைய கண் பெரியவரைத் தாண்டி, நாற்காலிக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியில் போய் நின்றது. பிறகு நிமிர்ந்து அப்பாவின் முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"அங்க என் கூரை, என் சட்டம். விளக்கை நான் சொல்றப்பத்தான் அணைக்கணும். எட்டாம் நாள் நான் தூக்கிட்டுப் போக வேண்டியது மூணு பெட்டியா, நாலு பெட்டியாப்பா?"